காயமும் நட்டஈடும்: ஒரு சட்டப் பேராசிரியரிடம் நாம் கற்க வேண்டியவை

(கல்லூரி நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த மேடையில் ஏறும்போது காலில் ஒரு சின்ன நடுக்கம் வந்தது. பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டு இதே இடத்தில் அழுத பிள்ளைகள் நாங்கள். வாய்ப்பளித்த சங்கத்துக்கு நன்றி. எங்கள் வகுப்பில் மருத்துவம் படித்தவர்கள் சிலர் இருக்கிறோம். இங்கே பேசுவது ஒரு வாய் என்றாலும், சொல்வது எல்லோருக்கும் பொதுவான அனுபவம். ஆகையால் 'நாங்கள்' என்றே பேசிக்கொண்டு போகிறோம், பொறுத்தருள வேண்டும்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியை இங்கே இருக்கும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தது. எங்கள் வகுப்பறைகளிலும் சனம் தங்கியது. எங்களுக்குப் பாடம் மரத்தடியில் நடந்தது. கரும்பலகை இல்லை, புத்தகமும் போதாது. தமிழ் ரீச்சர் ஒருவர் அந்த நாட்களில் தினமும் சொல்வதெழுதல் வைப்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதி முடித்த பிள்ளை எழும்பி நின்று, எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். "நான் சொன்னதைத்தான் நீ எழுதினியோ எண்டு எனக்கு எப்படித் தெரியும்? வாசி பாப்பம்" என்பார். அன்று அது எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. அதன் அருமை தெரிய எங்களுக்குப் பல வருடம் எடுத்தது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

வைத்தியர் என்றால் நீரிழிவு, இரத்த அழுத்தம், உணவுக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி வைத்தியசாலைக்கு வரும்போது ஏச்சு வாங்கிக்கொள்ளலாம். இன்று எடுத்துக்கொண்ட விடயம் வேறு. விபத்தில் காயப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டிய நட்டஈடு, அதைப் பற்றி வாழ்நாள் முழுவதும் சிந்தித்த ஒரு சட்டப் பேராசிரியர், அவருடைய வாழ்க்கைக்கும் எங்கள் விடுதிகளில் நாங்கள் கிறுக்கும் குறிப்புகளுக்கும் உள்ள தொடர்பு ஆகியவை பற்றியே பேசப்போகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கண்டி வீதி திறந்த பின் வந்த முதல் வருடங்கள் அவை. வருடக்கணக்காகச் சைக்கிளும் மாட்டுவண்டிலும் போன வீதியில் திடீரென்று பாரவூர்திகளும் சொகுசு பஸ்களும் ஓடத் தொடங்கின. வடபகுதி வைத்தியசாலை ஒன்றில் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். மேசன் வேலைக்குக் கூலியாகப் போகும் ஒருவரை ஒரு பின்னேரம் ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். தொடையெலும்பு முறிவு, தலையில் அடி, பாதி மயக்கம். கொண்டுவந்தவர், "சைக்கிளால விழுந்திட்டார்" என்றார். அதையே ஆங்கிலத்தில் நாலு சொல்லாக எழுதிவிட்டு, இரத்தம் கட்டுப்படுத்துவதில் இறங்கினோம். அன்று இரவு அவர் உயிர் தப்பினார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த நாள் அவருக்கு நினைவு திரும்பியபோது, "என்ன நடந்தது?" என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. துண்டு வெட்டும்போதும் முதல் நாள் குறிப்பைப் பார்த்துத்தான் அட்டையை எழுதினோம்.

இரண்டரை வருடம் கழித்து அவருடைய மனைவி அந்த அட்டையோடு வந்தார். கணவரை இடித்தது ஒரு டிப்பர் வாகனம். பார்த்தவர்களும் இருந்தார்கள். வாகனக்காரர் தரப்பு, "சமாதானமாய்ப் போவம்" என்று சொல்லிச் சிறு தொகை ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தது. கால் குட்டையாகி, கணவரால் சீமெந்துப் பை தூக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் குடும்பம் சட்டத்தரணியிடம் போனது. வைத்தியசாலைக் கடதாசியில் 'சைக்கிளிலிருந்து விழுந்தார்' என்று இருக்கிறது, காலமும் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் எங்களை ஏசவில்லை. "டொக்டர் பிள்ளை, இது உங்கட எழுத்தோ?" என்று கேட்டார். ஓம் என்றோம். "அண்டைக்கே ஒருக்கா எங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பன், விழேல்லை, இடிச்சது எண்டு" என்றார்.

மரத்தடியும் தமிழ் ரீச்சரும் அந்த நேரம் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

அதன் பிறகுதான் காயத்துக்கான நட்டஈடு பற்றி வாசிக்கத் தொடங்கினோம். மருத்துவ பீடத்தில் சட்ட மருத்துவம் படித்திருந்தோம். காயத்தின் நீளம், ஆழம், ஆயுதத்தின் வகை எல்லாம் எழுதப் பழகியிருந்தோம். காயத்துக்குப் பிறகு அந்த மனிதனுக்கு என்ன நடக்கிறது என்பதை அங்கே யாரும் படிப்பிக்கவில்லை. அந்தத் தேடலில் எங்களுக்கு அறிமுகமானவர் பேராசிரியர் உபேந்திர பக்சி.

பக்சி 1938 இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் பிறந்தவர். பம்பாயில் சட்டம் படித்து, கலிபோர்னியாவின் பேர்க்லியில் உயர்பட்டம் பெற்றவர். 1960களின் இறுதியில் அவுஸ்திரேலியா சென்று சிட்னிப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். ஆங்கே தொடர்ந்து இருந்திருந்தால் வசதியான வாழ்க்கை. ஆனால் 1973 இல் டில்லிப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, அங்கே இருபது வருடங்களுக்கு மேல் சட்டப் பேராசிரியராக இருந்தார். இடையில் சூரத்திலுள்ள தென் குஜராத் பல்கலைக்கழகத்துக்கும், 1990 இலிருந்து 1994 வரை டில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தர். 1996 இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2011 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. பதவிகளின் பட்டியல் இத்தோடு போதும். எங்களுக்கு முக்கியமானவை அவர் செய்த இரண்டு காரியங்கள்.

முதலாவது, பெண்களாகிய நாம் எல்லோரும் அறிய வேண்டியது. மகாராட்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளான வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டு பொலிஸ்காரரையும் விடுதலை செய்தது. அவள் உடலில் போராடிய காயம் இல்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1979 இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் பிரதம நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்பவர்களே அந்த நால்வர். பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத்தை நோக்கி இப்படிப் பேசுவது அந்நாளில் கேள்விப்படாத ஒன்று. அந்தக் கடிதம் நாடெங்கும் பெண்கள் அமைப்புகளை எழுப்பியது. 1983 இல் சட்டம் திருத்தப்பட்டது. காயம் எழுதப்படாவிட்டால் குற்றமே நடக்கவில்லை என்று நீதிமன்றம் கருதக்கூடும் என்பதற்கு இது ஓர் உதாரணம். வைத்தியராக இருக்கும் எவரும் இந்த வழக்கைத் தெரியாமல் இருக்கக்கூடாது.

இரண்டாவது, போபால்.

1984 டிசம்பர் 2 ஆம் திகதி இரவும் 3 ஆம் திகதி அதிகாலையும். மத்தியப் பிரதேசத்தின் போபால் நகரில் யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து மீதைல் ஐசோசயனேற் என்ற நச்சு வாயு கசிந்தது. ஏறத்தாழ 40 தொன். நித்திரையில் இருந்த குடிசைவாசிகள் கண் எரிந்து, மூச்சு முட்டி, இருட்டில் ஓடினார்கள். ஓடியவர்கள் கூடுதலாக மூச்சை இழுத்தார்கள், கூடுதலாகச் செத்தார்கள். அந்த நகரத்து வைத்தியர்களுக்கு எந்த வாயு என்றே சரியாகத் தெரியாது. மாற்று மருந்து எது என்று கம்பனியிடமிருந்து தெளிவான பதில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் வாசலில் கிடக்க, கண்ணைக் கழுவி, இருந்த மருந்தைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஷெல் விழுந்த நாட்களில் விடுதியில் நின்ற எங்களுக்கு அந்த இரவைக் கற்பனை செய்து பார்ப்பது கடினமில்லை. அப்படியான இரவில் பெயர், வயது, அறிகுறி எல்லாம் எழுதி வைக்க யாருக்கு நேரம்?

அடுத்த வருடம், 1985 இல், பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் தானே வழக்காடும் உரிமையை இந்திய அரசு ஒரு சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. கம்பனியின் தலைமையகம் அமெரிக்காவில் இருந்தபடியால் நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. 1986 மே 12 இல் நீதிபதி கீனன், இது இந்திய நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட வேண்டியது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அமெரிக்க நீதிமன்றம் அமெரிக்கத் தராதரத்தில் நட்டஈடு கொடுத்திருக்கும். கம்பனிக்கு அது பிடிக்குமா? தன் சொந்த நாட்டு நீதிமன்றத்தை வேண்டாம் என்று கம்பனி மறுக்க, தன் சொந்த நாட்டு நீதிமன்றங்களால் இதைத் தாங்க முடியாது என்று இந்திய அரசு வாதாடிய விசித்திரமும் அங்கேதான் நடந்தது.

அந்த நேரம் பக்சி டில்லியில் இந்தியச் சட்ட நிறுவனத்தில் இருந்தார். அவர் செய்த வேலை வெளிப்பார்வைக்கு மிகச் சாதாரணமானது. நியூயோர்க் வழக்கின் ஆவணங்களைத் தொகுத்து, முன்னுரை எழுதி, 1986 இல் புத்தகமாக வெளியிட்டார். தொடர்ந்து தோமஸ் போலுடன் ஒன்று, 1990 இல் அமிதா தாண்டாவுடன் ஒன்று என்று போபால் பற்றி மூன்று தொகுதிகள் வந்தன. யார் என்ன வாதாடினார்கள், எந்த நாளில் என்ன சொன்னார்கள், பிறகு எப்படி மாற்றிச் சொன்னார்கள் என்பதெல்லாம் பதிவாயின. பாதிக்கப்பட்ட மக்கள் முதல் தடவை வாயுவாலும், இரண்டாம் தடவை வழக்காலும் அடிபட்டார்கள் என்பதை அந்தப் பக்கங்களில் காணலாம். துன்பத்தைச் சட்டம் பொருட்டாக எடுக்க வேண்டும் என்பது அவர் 1985 இல் எழுதிய பிரபலமான கட்டுரை ஒன்றின் தலைப்பும்கூட.

1989 பெப்ரவரி 14 இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு திடீரென்று சமரசமானது. 300 கோடி டொலருக்கு மேல் கேட்ட இடத்தில் 47 கோடி டொலர். பாதிக்கப்பட்டவர் எவரையும் கேட்காமலே முடிந்தது. அப்போது கணக்கில் எடுக்கப்பட்ட மரணங்கள் ஏறத்தாழ 3,000. பின்னர் நட்டஈட்டு நீதிமன்றங்கள் 5,000 க்கு மேற்பட்ட மரணங்களுக்கும், 5 இலட்சத்துக்கு மேற்பட்ட காயங்களுக்கும் தீர்ப்பளித்தன. பணம் அதே பணம்தான், ஆட்கள் கூடிவிட்டார்கள். 1992 இல்தான் கொடுக்கத் தொடங்கினார்கள். காயப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு முதலில் கிடைத்தது 25,000 இந்திய ரூபா. கூடுதலாக 7,844 கோடி ரூபா கேட்டு இந்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச் 14 இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாயு கசிந்து 38 வருடங்களுக்குப் பிறகு.

இதில் வைத்தியர்களாகிய எங்களைச் சுட்ட பகுதி ஒன்று உண்டு. சமரசத்துக்கு முன்னும் பின்னுமாக 3 இலட்சத்து 60 ஆயிரம் அளவிலான மருத்துவக் கோவைகள் தயாரிக்கப்பட்டன. அவற்றை வைத்து ஆட்களை வகை பிரித்தார்கள். அவர்களில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் 'காயம் இல்லை' என்ற வகைக்குள் போனார்கள். அந்த முதல் நாட்களில் வைத்தியசாலைக்குப் போனதற்கான துண்டு யாரிடம் இருக்கும்? சுவாசப்பையின் செயற்பாட்டை அளந்து எழுதியவர் யார்? துண்டு இல்லாதவனின் இருமலுக்கு விலை இல்லை. எங்கள் மேசன் தொழிலாளியின் ஒரு கடதாசியில் நடந்தது, அங்கே இலட்சக்கணக்கில் நடந்திருக்கிறது.

பக்சி பின்னர் படிப்பித்த அதே வார்விக் பல்கலைக்கழகத்தில், 1970களில் இன்னொரு பெரிய பேராசிரியர் இருந்தார். பற்றிக் அற்றியா. லெபனான் வழிவந்த எழுத்தாளர் ஒருவரின் மகன். கார்ட்டூம், கானா, கன்பரா, வார்விக், ஒக்ஸ்போர்ட் என்று உலகம் சுற்றியவர். விபத்துக் காயங்களுக்கான நட்டஈடு பற்றி அவர் 1970 இல் எழுதிய நூல் இன்றும் மாணவர்கள் படிக்கும் நூல். பிழை யாருடையது என்று நிரூபிக்க முடிந்த சிலருக்குப் பெருந்தொகை. நிரூபிக்க முடியாத பலருக்கு வெறுங்கை. இது நீதி அல்ல, அதிட்டலாபச் சீட்டு என்பது அவருடைய முடிவு. நியூசிலாந்தில் இருக்கும் எங்கள் தோழியருக்கு இதற்கு மாற்று வழி தெரிந்திருக்கும். அங்கே 1974 முதல், யார் பிழை என்று பார்க்காமல், விபத்தில் காயப்பட்ட எவருக்கும் ஒரு பொது நிதியிலிருந்து சிகிச்சையும் உதவியும் கிடைக்கின்றன. பதிலாக, இடித்தவர்மேல் நட்டஈட்டு வழக்குப் போடும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

நமது நாட்டின் நிலை என்ன? சுருக்கமாகச் சொல்கிறோம், சட்டம் படித்த அக்காமார் பிழை இருந்தால் திருத்துங்கள்.

காயப்படுத்தியவரிடம் நட்டஈடு கேட்கும் வழக்கு நமக்கு உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியாக வந்தது. பிழையை நாங்கள்தான் நிறுவ வேண்டும். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும். இரண்டு வருடம் என்பது நீண்ட காலம்போலத் தெரியும். எலும்பு பொருந்த ஆறு மாதம், அது சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிய இன்னொரு வருடம். பிறகு என்ன மிச்சம்?

வேலைத்தலத்தில் காயப்பட்டவருக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதலாளியின் பிழையை அதில் நிறுவத் தேவையில்லை. வேலையால் வந்த காயம் என்று காட்டினால் போதும். 2022 இல் அதைத் திருத்தி, உச்சத் தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாகக் கூட்டினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் சாரத்தால் விழும் மேசன்மார், மில்லில் கை அகப்படும் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே நேரம், தன் சொந்தக் கையால் பனை ஏறிச் சீவுகிறவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. விழுந்தால் அவருக்கு அந்தச் சட்டத்தில் இடமும் இல்லை. அற்றியா சொன்ன சீட்டு இதுதான்.

போரில் கால் இழந்தவர்கள், மிதிவெடியில் கை இழந்தவர்கள் இந்த மண்டபத்துக்கு வெளியே மிக அருகிலேயே வாழ்கிறார்கள். 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டு அலுவலகம் ஒன்று உருவானது. அங்கேயும் முதலில் கேட்பது கடதாசியைத்தான். 2000 ஆம் ஆண்டில் சாவகச்சேரி நகரமே இடிந்து போனபோது எங்கள் வீடுகளோடு எத்தனை கிளினிக் கொப்பிகள் எரிந்தன என்பதை யார் எண்ணுவது?

இன்னொரு விடயம் மனம்விட்டுப் பேச வேண்டியது. நட்டஈடு கேட்பது நமக்கு வெட்கமாக இருக்கிறது. "செத்த உடம்புக்கு விலை பேசுறதோ?" என்று கேட்கும் தாய்மாரைக் கண்டிருக்கிறோம். "காசு வாங்கினால் பிள்ளை திரும்பி வருமோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போன தகப்பனையும் கண்டிருக்கிறோம். அந்த மானத்துக்குத் தலை வணங்குகிறோம். அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. 2001 இல், வைத்தியக் கவனயீனத்தால் குழந்தை இறந்ததாகத் தொடுக்கப்பட்ட பிரபலமான வழக்கு ஒன்றில், குழந்தையின் பாசத்தையும் துணையையும் இழந்ததற்கு நமது சட்டத்தில் பணமதிப்பு இல்லை என்றே நமது உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் உயிரோடு இருப்பவரின் கதை வேறு. கால் குட்டையான தகப்பனுக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்றால், அந்தக் காயத்தின் விலையை அவள் கட்டுகிறாள். யாரோ ஒருவர் எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். நட்டஈடு என்பது பிச்சையோ பேராசையோ அல்ல. அந்தச் சுமையைப் பிழை விட்டவர் பக்கம் நகர்த்தும் முயற்சி. பக்சியும் அற்றியாவும் வேறு வேறு வழிகளால் வந்து சேர்ந்த இடம் இதுதான் என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

இனி, எங்கள் கல்லூரிக் குடும்பத்திடம் சில வேண்டுகோள்கள்.

வைத்தியராகவும் தாதியாகவும் இருக்கும் சகோதரிகளே, முதல் நாள் இரவு எழுதியதை அடுத்த நாள் காலையில் ஒருமுறை திருத்திப் பாருங்கள். நோயாளிக்கு நினைவு வந்ததும் அவருடைய வாயால் கேளுங்கள். யார் சொன்ன தகவல் என்பதையும் எழுதுங்கள். 'விழுந்தார்' என்பதற்கும் 'இடிக்கப்பட்டார்' என்பதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. மது மணத்தது என்று எழுதுவதானால் நீங்களே மணந்து பார்த்திருக்க வேண்டும். துண்டு வெட்டும் நாளில், அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு நிமிடம் போதும். அந்தப் பெண் எங்களிடம் கேட்டது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

வீட்டில் இருக்கும் சகோதரிகளே, விபத்து நடந்தால் முதலில் உயிரைப் பாருங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். வாகன இலக்கத்தையும் பார்த்தவர்களின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிளினிக் கொப்பி, எக்ஸ்றே, மருந்துத் துண்டு, ஓட்டோவுக்குக் கொடுத்த காசின் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். காயம் எந்த அளவில் நிற்கும் என்று வைத்தியர் சொல்லும் முன் சமாதானக் கடதாசி எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். இரண்டு வருடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். காயப்பட்டவர் சிறுபிள்ளை என்றால் காலக்கணக்கு வேறு. ஆனபடியால் பிந்திவிட்டது என்று நீங்களே முடிவெடுக்காமல் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழியரே, கட்டடத்துக்கும் வாத்தியக் கருவிகளுக்கும் நீங்கள் அள்ளித் தந்ததை மறக்கமாட்டோம். இன்னொன்றையும் கேட்கிறோம். உங்களில் சட்டத்தரணிகள், காப்புறுதித் துறையினர், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இந்தக் கல்லூரியின் ஒரு வகுப்பறையில், காயப்பட்ட குடும்பங்கள் தங்கள் கடதாசிப் பையோடு வந்து உட்கார ஒரு மேசை போடுவோம். வைத்தியர் ஒருவரும் சட்டத்தரணி ஒருவரும் இருந்தால் போதும். வாசித்துக் காட்டுவதுதான் முதல் வேலை. காசு பெரிதாகத் தேவைப்படாது. உங்கள் நேரத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழியில் கிடைத்தாலும் போதும்.

மாணவச் செல்வங்களே, உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தால் எதிர்காலம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராஜ்கோட்டில் பிறந்த ஒருவர் சட்டம் படித்து மூன்று கண்டங்களில் படிப்பித்தார். பெரிய கம்பனியோ உச்ச நீதிமன்றமோ செய்த பிழையைப் பிழை என்று எழுதினார். அவர் எழுதியதால் போபால் மக்களுக்குப் பணம் கூடவில்லை என்பது உண்மைதான். ஆனால் நடந்தது என்ன என்பதை இனி யாராலும் மாற்றி எழுத முடியாது. தென்மராட்சியிலிருந்தும் ஒருத்தி நாளை அப்படி எழுத வேண்டும். அதற்கு முதற்படியாக, சொல்வதெழுதலைக் கவனமாக எழுதுங்கள்.

அந்த மேசன் தொழிலாளி இன்றும் எங்கள் கிளினிக்குக்கு வருவார். ஊன்றுகோலோடு நடக்கிறார். வந்தவுடன் கொப்பியை நீட்டி, "வாசியுங்கோ டொக்டர்" என்பார். அவர் அதைப் பகிடியாகத்தான் சொல்கிறார். நாங்கள் ஒவ்வொரு முறையும் முழுவதையும் வாசித்துக் காட்டுகிறோம். சில வேளைகளில் திருத்தமும் சொல்வார். எழுதிக்கொள்கிறோம்.

எங்களுக்கு எழுதவும், எழுதியதைத் திரும்ப வாசிக்கவும் சொல்லித் தந்த இந்தக் கல்லூரி அன்னை இன்னும் பல நூறாண்டு வாழ வேண்டும்.